மே மாதம் வரை போட்டி நீடித்த வருடம்

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு கட்சியும் நடத்தும் பிரைமரி தேர்தல் ஒரே நாளில் முடிகிற விஷயம் இல்லை. வருடத் தொடக்கத்தில் ஓரிரு மாநிலங்களில் ஆரம்பித்து (நீண்ட காலம் அது அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும்தான்) ஜூன் வரை மாநிலம் மாநிலமாக நகர்ந்துகொண்டே போகும். நான் இருப்பது இந்தியானாவில். எங்கள் முறை மே மாதத்தில்தான் வரும். அதற்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்து, ஜெயித்தவர் துணை அதிபராக யாரைப் போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருப்பார். நாங்கள் போடும் ஓட்டு எண்ணப்படும், பேப்பரில் வரும், ஆனால் அதை வைத்து எதுவும் மாறாது. பல தேர்தல்களில் இப்படித்தான்.

குடியுரிமை கிடைத்த பிறகு தேர்தல் நாள் வேலைக்குப் பெயர் கொடுத்தேன். இங்கே ஒவ்வொரு பூத்திலும் ஒரு இன்ஸ்பெக்டர், இரு கட்சி சார்பிலும் ஒவ்வொரு ஜட்ஜ், ஒவ்வொரு கிளார்க் இருப்பார்கள், எல்லோரும் தேர்தல் நாள் அலுவலர்கள்தான். நான் டெமாக்ரடிக் கட்சித் தரப்பு கிளார்க். காலையில் ஆறு மணிக்குக் கதவு திறந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் மூடுவோம். வாக்காளர் பட்டியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைத் தேடி, கையெழுத்து வாங்கி, எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்க வேண்டும். இந்தியானாவில் வாக்காளராகப் பதியும்போது கட்சி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிரைமரி அன்று மேசை முன்னால் நின்று வாய் திறந்து சொல்ல வேண்டும். அரசியல் பேச எங்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் காது இருக்கிறதே.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டாம் இடத்தில் இருக்கும் வேட்பாளர் விலகாமல் நிற்கும்போது, "கணக்கு முடிந்துவிட்டது, இன்னும் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறார், கட்சிக்குத்தானே கெடுதல்" என்று டிவியில் ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததால்தான் உடன்பாடு இல்லை.

2008க்கு வருகிறேன். டெமாக்ரடிக் கட்சியில் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும். அயோவாவில் ஒபாமா, ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி. பிப்ரவரி 5 அன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு, கிட்டத்தட்ட சரிபாதி. அதற்கப்புறம் பிப்ரவரி முழுக்க ஒபாமா வரிசையாகப் பதினோரு இடங்களில் ஜெயித்தார். ரிபப்ளிகன் பக்கம் மார்ச் 4 அன்றே ஜான் மெக்கெயினுக்குத் தேவையான டெலிகேட்டுகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகள், சேர்ந்துவிட்டார்கள், அவரை எதிர்த்து நின்ற ஹக்கபி அன்று இரவே விலகிக்கொண்டார். டெமாக்ரடிக் பக்கம் அதே மார்ச் 4ல் ஹிலாரி ஒஹையோவில் ஜெயித்தார். டெக்சாஸ் பிரைமரியிலும் ஜெயித்தார், ஆனால் அங்கே கூடவே நடந்த காகஸையும் (கட்சிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் கூடித் தேர்ந்தெடுக்கும் முறை) சேர்த்துப் பார்த்தபோது அதிக டெலிகேட்டுகள் ஒபாமாவுக்குத்தான் போனார்கள். அந்தக் கட்சியின் விதி அப்படி. வாங்கும் ஓட்டுக்கு ஏற்ற விகிதத்தில்தான் டெலிகேட்டுகள். பெரிய வெற்றி பெற்றாலும் எதிராளிக்கும் கணிசமாகப் போய்விடும். பென்சில்வேனியாவில் ஏப்ரல் 22 அன்று ஹிலாரி ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாரே, அதில் கிடைத்த லாபம் என்ன? 85க்கு 73. வெறும் பன்னிரண்டு டெலிகேட். நூற்றுக்கும் மேல் பின்தங்கி இருப்பவருக்கு இது எந்த மூலைக்கு?

மார்ச் கடைசியிலேயே வெர்மான்ட் செனட்டர் பேட்ரிக் லேஹி, ஹிலாரி விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனன் வாராவாரம் போன் செய்வான். "என்ன அத்தான், முடிஞ்சுபோன மேட்ச்சுக்கு உங்க ஊர்ல இவ்வளவு கூட்டமா?" என்பான். "மாப்ளே, உங்க ஊர்ல பிப்ரவரியிலயே ஓட்டுப் போட்டாச்சு. எங்க ஊர்ல யாரும் இன்னும் போடலையேப்பா" என்பேன். அவனும் ஒபாமா ஆதரவாளன், நானும் ஒபாமாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனாலும் ஹிலாரி அந்த மார்ச்சில் விலகியிருந்தால் எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்திருக்கும். அவர் நின்றதால்தான் என் வேட்பாளரும் என் மாநிலத்துக்கு வந்தார்.

வந்தார்கள் என்றால் சும்மா கை காட்டிவிட்டுப் போகவில்லை. ஆண்டர்சன், கோகோமோ, டெரே ஹோட் மாதிரி ஊர்களுக்கு எந்த அதிபர் வேட்பாளர் மே மாதத்தில் வந்திருக்கிறார்? ஆண்டர்சனில் ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸை நம்பி ஊரே இருந்தது. நான் வந்தபோதே பல ஆலைகளின் வாகன நிறுத்தங்களில் புல் முளைத்துக் கிடந்தது. வல்பரைசோவில் மேக்னக்வென்ச் என்ற காந்தத் தொழிற்சாலை இருந்து, மூடப்பட்டு, வேலை சீனாவுக்குப் போனது. ஹிலாரி அதை ஊர் ஊராக எடுத்துப் பேசினார். உடனே பத்திரிகைகள் அந்த நிறுவனத்தைச் சீனத் தரப்பு வாங்க அனுமதி கொடுத்ததே அவர் கணவர் பில் கிளிண்டன் ஆட்சியில்தான் என்று எடுத்துப் போட்டன. நல்லதுதான், வெளியே வந்தது. அப்புறம் பெட்ரோல் விலை. கோடை முடியும்வரை கேலனுக்கு 18.4 சென்ட் மத்திய வரியை நிறுத்தி வைக்கலாம் என்றார் ஹிலாரி. அது வெறும் தேர்தல் வித்தை, மக்களுக்கு மிச்சமாவது சில்லறைதான் என்றார் ஒபாமா. நான் ஒபாமா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் தினமும் நாற்பது மைல் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் இருக்கும் ஊரில் நின்று அந்த வாதத்தைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்ததே, அது இரண்டாம் இடத்தில் இருந்தவர் போகாமல் நின்றதால் வந்தது. போட்டி இல்லாத இடத்தில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டார்கள்.

மே 6. ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் எங்கள் பூத். ஆறு மணிக்கு முன்னாலேயே படிக்கட்டு வரை வரிசை. பழைய ஆட்கள் இப்படிப் பார்த்ததே இல்லை என்றார்கள். எட்டு நாள் முன்னால்தான் இந்தியானாவின் புகைப்பட அடையாள அட்டைச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது, அதனால் அட்டை விஷயத்தில் எல்லோரும் கொஞ்சம் பதற்றமாகவே இருந்தோம். அன்றைக்கு சௌத் பெண்ட் பக்கம் வயதான கன்னியாஸ்திரீகள் பத்துப் பன்னிரண்டு பேர் அட்டை இல்லாமல் திரும்ப வேண்டி வந்தது என்று இரவு செய்தியில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவு வருடத்துக்கு அப்புறம் ஓட்டுக்கு மதிப்பு வந்த நாளில்தானா இது நடக்க வேண்டும்?

எங்கள் மேசையில் நான் கவனித்தது அந்தக் கட்சி கேட்கும் கணம். ரிபப்ளிகன்கள் அதிகம் உள்ள பகுதி எங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர், சர்ச்சில் பார்க்கிறவர், பிள்ளையின் பேஸ்பால் கோச் எல்லோரும் பின்னால் வரிசையில் நிற்கும்போது "டெமாக்ரட்" என்று சொல்ல வேண்டும். சில ஆண்கள் குனிந்து, மேசைக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்கள். ஒருவர் சொல்லாமல் விரலால் டெமாக்ரடிக் வாக்குச்சீட்டுக் கட்டைச் சுட்டிக் காட்டினார். வாயால் சொன்னால்தான் குறிக்க முடியும் என்று ஜட்ஜ் விளக்க வேண்டி வந்தது. அவர்களில் சிலர், ரிபப்ளிகன் சார்பு ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா ஹிலாரிக்கு ஓட்டுப் போட்டு டெமாக்ரடிக் போட்டியை நீட்டுங்கள் என்று சொன்னதைக் கேட்டு வந்திருக்கலாம். யார் எதற்காக வந்தார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும், கேட்கவும் கூடாது. ஆனால் வந்த எல்லோரையும் அந்தக் கணக்கில் தள்ளியது அநியாயம்.

ஏனென்றால் ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்குப் பதினேழு வயது. நவம்பருக்குள் பதினெட்டு ஆகிவிடும் என்றால் இங்கே பிரைமரியில் பதினேழிலேயே ஓட்டுப் போடலாம். அவள் நிமிர்ந்து நின்று "டெமாக்ரட்" என்றாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பக்கத்தில் இருந்த ரிபப்ளிகன் கிளார்க்கைப் பார்த்தார், அந்த அம்மாளுக்கு அவரை நன்றாகத் தெரியும் போல. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, இந்த வருஷம் எனக்கும் அதையே கொடுங்கள்" என்றார். கிளார்க் அம்மாள் முகத்தில் எதையும் காட்டாமல் குறித்துக்கொண்டார். அப்பா எதிர்க்கட்சிச் சீட்டைக் கேட்டதில் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் யாருக்குப் போட்டார்கள் என்பது அவர்களோடு போயிற்று.

மதியத்துக்குள் டெமாக்ரடிக் வாக்குச்சீட்டுக் கட்டு இளைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கவுண்ட்டி அலுவலகத்துக்குப் போன் செய்து கூடுதல் கட்டு வரவழைத்தார். மாநிலம் முழுக்க அன்று டெமாக்ரடிக் பிரைமரியில் விழுந்த ஓட்டு சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம். 2004ல் விழுந்ததைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதிபருக்கு ஓட்டுப் போட வந்தவர்கள் அதே சீட்டில் இருந்த கவர்னர் வேட்பாளரையும் உள்ளூர்ப் பதவிகளுக்கு நின்றவர்களையும் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார்கள். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேலே போட்டி செத்துப்போனால் கீழே இருக்கும் பதவிகளுக்கு ஒரு கைப்பிடி ஆட்கள்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரவு வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் வட கரோலினாவில் ஒபாமா ஏறக்குறைய பதினைந்து புள்ளியில் ஜெயித்துவிட்டார். இந்தியானா மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஷிகாகோவை ஒட்டிய லேக் கவுண்ட்டி எண்ணிக்கை வர நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசியில் ஹிலாரிக்கு வெற்றி, சுமார் 14 ஆயிரம் ஓட்டில். டெலிகேட் கணக்கில் 38க்கு 34. நாலு டெலிகேட் லாபம். அதே நாள் வட கரோலினாவில் பத்தொன்பது நஷ்டம். என்பிசி டிவியின் டிம் ரஸர்ட் அன்றிரவே வேட்பாளர் யார் என்று தெரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஹிலாரி முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் தன் சொந்தப் பணத்தில் 64 லட்சம் டாலர் பிரசாரத்துக்குக் கடன் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி வந்தது. ஜனவரியில் கொடுத்த 50 லட்சம் வேறு.

எல்லோரும் முடிந்தது என்று சொன்ன ஒரு வாரத்தில் மேற்கு வர்ஜீனியாவில் 67க்கு 26 சதவீதம் என்று ஜெயித்தார். அதற்கடுத்த வாரம் கென்டக்கியில் 65க்கு 30. முடிந்துபோன போட்டிக்கு அந்த மக்கள் ஏன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய் வரிசையில் நின்றார்கள்? தங்களையும் யாராவது கேட்க வேண்டும் என்று அவர்களுக்கு இருந்திருக்கிறது.

ஆனால் நிற்பது ஒன்று, நிற்கும்போது என்ன பேசுகிறோம் என்பது வேறு. இதில் எனக்கு ஹிலாரி மேல் கடும் கோபம் உண்டு. எங்கள் ஊரில் ஓட்டு முடிந்த கையோடு ஒரு பேட்டியில், உழைக்கும் அமெரிக்கர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் மத்தியில் ஒபாமாவுக்கு ஆதரவு குறைகிறது என்ற தொனியில் பேசினார். அந்த வரிசையில் நானும் இருந்தேன், நானும் உழைக்கிறவன்தான். பிறகு மே 23 அன்று தெற்கு டகோட்டாவில் ஒரு நாளிதழ் ஆசிரியர் குழுவிடம், போட்டி ஜூன் வரை போவது புதிதல்ல என்று காட்ட 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டதை எடுத்துச் சொன்னார். அன்றே வருத்தம் தெரிவித்தார் என்றாலும், கறுப்பின வேட்பாளர் ஒருவரின் உயிரை நினைத்து லட்சக்கணக்கானவர்கள் பயந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த உதாரணம் எப்படி வாயில் வந்தது? இந்தியானாவில் அது இன்னும் சுடும். 1968 பிரைமரியில் ராபர்ட் கென்னடிக்கு முதல் வெற்றி கொடுத்த மாநிலம் இது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இரவில் அவர் இண்டியானாபோலிஸில் கூட்டத்தின் முன் நின்று அந்தச் செய்தியைச் சொன்னது இங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. 2008க்கு முன்னால் எங்கள் பிரைமரிக்கு மதிப்பு இருந்த கடைசி வருடம் எது என்று கேட்டால் டெமாக்ரடிக் பக்கம் 1968ஐத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட பெயரை இப்படி எடுத்திருக்கக் கூடாது.

ஜூன் 3ல் கடைசி இரண்டு மாநிலங்கள். தெற்கு டகோட்டாவில் ஹிலாரி ஜெயித்தார், மொன்டானாவில் ஒபாமா, அன்றே ஒபாமாவுக்குப் பெரும்பான்மை வந்துவிட்டது. நாலு நாள் கழித்து, ஜூன் 7ல், ஹிலாரி வாஷிங்டனில் பேசி விலகினார். மிச்சம் இருந்த கடன் இரண்டு கோடி டாலருக்கு மேல். ஆகஸ்ட் 27 டென்வர் மாநாட்டில் மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டு வந்தபோது நியூயார்க் முறை வந்ததும் எழுந்து, எண்ணிக்கையை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஒருமனதாக அறிவிக்க வேண்டும் என்று முன்மொழிந்தது அவர்தான். கடைசி மாநிலம் ஓட்டுப் போடும் வரை நின்றார், போட்டு முடித்ததும் நகர்ந்தார். மே மாதத்துப் பேச்சை மன்னிக்க முடியாவிட்டாலும் இந்த விலகலுக்கு என்னிடம் முழு மதிப்பு உண்டு.

கட்சிக்குக் கெடுதல் என்றார்களே, நவம்பரில் என்ன ஆனது? 1964ல் லிண்டன் ஜான்சனுக்குப் பிறகு எந்த டெமாக்ரடிக் வேட்பாளரும் ஜெயிக்காத இந்தியானாவில் ஒபாமா சுமார் 28 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். நவம்பரில் அதே கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது மே மாதம் முதன்முதலாக வந்த பல முகங்கள் திரும்ப வந்தன. மே மாதத்துக்காகத் திறந்த பிரசார அலுவலகங்கள், தட்டிய கதவுகள், எழுதி வைத்த பெயர்ப் பட்டியல்கள் இதெல்லாம் இல்லாமல் நவம்பரில் இந்த முடிவு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பொருளாதாரச் சரிவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

இதை எங்கள் இன்ஸ்பெக்டரிடம் ஒரு தடவை, பூத் மூடி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவர் பழுத்த ரிபப்ளிகன். உடனே 1976ஐ எடுத்துவிட்டார். ரீகன் அந்த வருடம் பதவியில் இருந்த ஃபோர்டை எதிர்த்து நின்று நியூ ஹாம்ப்ஷயர், மசாசூசெட்ஸ், வெர்மான்ட், ஃப்ளோரிடா, இல்லினாய் என்று வரிசையாகத் தோற்றார். கையில் பணம் இல்லை, கழுத்து வரை கடன். சொந்தக் கட்சிக்காரர்களே ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் ஒதுங்கவில்லை. மார்ச் 23ல் வட கரோலினாவில் ஜெயித்தார், மே தொடக்கத்தில் டெக்சாஸ், அப்புறம் மயிரிழையில் எங்கள் இந்தியானா. கேன்சஸ் சிட்டி மாநாட்டில் 1187க்கு 1070 என்று தோற்றார். நாலு வருடத்தில் அதிபர். "நான் அன்றைக்கு அவருக்குத்தான் போட்டேன், தோற்பார் என்று எல்லோரும் சொன்ன ஆளுக்கு" என்று சொன்னபோது அந்த மனிதர் குரலில் இருந்த பெருமை எனக்கு நன்றாகவே புரிந்தது. கட்சி வேறு, ஆனால் மேசை ஒன்றுதான்.

எல்லாத் தடவையும் இது நல்லபடியாக முடிகிறது என்று சொல்ல வரவில்லை. 1980ல் டெட் கென்னடி எல்லா மாநிலமும் முடிந்த பிறகும் விடாமல், பதவியில் இருந்த அதிபர் கார்ட்டருக்கு ஓட்டளிக்கக் கட்டுப்பட்ட டெலிகேட்டுகளை விடுவிக்கும்படி விதியையே மாற்றச் சொல்லி ஆகஸ்ட் மாநாடு வரை சண்டை போட்டார். அது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மக்கள் போட்டு முடித்த ஓட்டை மாநாட்டு அரங்கில் மாற்றப் பார்ப்பது வேறு ரகம். 2016ல் ஹிலாரியை எதிர்த்து நின்ற பெர்னி சாண்டர்ஸ் இந்தியானாவில் பின்தங்கிய நிலையிலும் ஐந்து புள்ளியில் ஜெயித்தார், ஜூலை 12ல்தான் ஹிலாரியை ஆதரித்தார். ஜூன் மத்தியில் கடைசி ஓட்டும் விழுந்த பிறகு அந்த ஒரு மாதத்தை அவர் குறைத்திருக்கலாம். ஆனால் அதே வருடம் ஜூன் 6ல், கலிபோர்னியா ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள் இரவு, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஹிலாரியே வேட்பாளர் என்று அறிவித்ததே, அது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. விடிந்தால் பூத்துக்குப் போக அட்டையை எடுத்து வைத்திருக்கிறவனிடம் முந்தைய இரவு சொல்கிற செய்தியா அது?

2020ல் கொரோனாவால் எங்கள் பிரைமரியே ஜூன் 2க்குத் தள்ளிப்போனது. சாண்டர்ஸ் ஏப்ரல் 8லேயே விலகியிருந்தார், முகக்கவசம் போட்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கு அன்று அதிபர் தேர்வில் வேலையே இல்லை.

2024ல் நிக்கி ஹேலி. ட்ரம்ப்பை எதிர்த்து ரிபப்ளிகன் பக்கம் கடைசி வரை நின்றவர் அவர்தான். வாஷிங்டன் டி.சி.யிலும் வெர்மான்ட்டிலும் மட்டும் ஜெயித்துவிட்டு மார்ச் 6 அன்று விலகினார். எங்கள் தேர்தல் மே 7. ஆனால் இங்கே அதிபர் பிரைமரி சீட்டில் பெயர் வர ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளிலும் தலா 500 கையெழுத்து வாங்க வேண்டும், அவர் ஆட்கள் அதை முன்பே முடித்திருந்தார்கள், அதனால் பெயர் சீட்டிலேயே இருந்தது. காலையிலிருந்தே ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அவர் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாக்குச்சீட்டில் அச்சாகியிருப்பதைப் பாருங்கள் என்பதற்கு மேல் நாங்கள் எதுவும் சொல்ல முடியாது. மாநிலத்தில் ரிபப்ளிகன் பிரைமரிக்கு வந்தவர்களில் 21 சதவீதத்துக்கு மேல், இரண்டு மாதம் முன்பே விலகிப்போனவருக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். போவதா இருப்பதா என்பது அவர் உரிமை, பணம் வற்றியிருக்கும், ஆள் களைத்திருக்கும், எல்லாம் சரி. இருந்தாலும் எங்கள் ஊர் வரைக்கும் வந்திருக்கலாம்.